‘இண்டெக்ஸ் 1% ஏறினா நமக்கு 2%’: லீவரேஜ் ஃபண்டுகளில் குறுகிய கால டிரேடிங் - எதைப் பார்த்துத் தேர்வு செய்வது?

2021 டிசம்பர் இறுதியில் அமெரிக்காவின் நாஸ்டாக்-100 இண்டெக்ஸ் 16,300 புள்ளிகளை ஒட்டி இருந்தது. 2022-ல் சுமார் 33% சரிந்தது. 2023-ல் சுமார் 54% ஏறியது. 2023 டிசம்பர் இறுதியில் 16,800-ஐத் தாண்டி நின்றது. ஆக, இரண்டு வருடத்தில் சுமார் 3% ஏற்றம்.

இதே இண்டெக்ஸை 3 மடங்கு வேகத்தில் பின்தொடரும் பிரபலமான இடிஎஃப் ஒன்று உண்டு. ப்ரோஷேர்ஸ் நிறுவனத்தின் ‘டி.க்யூ.க்யூ.க்யூ’. மேலோட்டமாகக் கணக்குப் போட்டால் மூன்று மூணு ஒன்பது, 9% லாபம் வந்திருக்க வேண்டும். ஆனால், 2021 கடைசியில் வாங்கி 2023 கடைசி வரை வைத்திருந்தவருக்கு மிஞ்சியது சுமார் 40% நஷ்டம்.

ஏமாற்று வேலை எதுவும் நடக்கவில்லை. அந்த ஃபண்டு சொன்னதைத்தான் செய்தது. அது கொடுத்த வாக்குறுதியில் இருந்த ‘தினசரி’ என்ற ஒற்றை வார்த்தையைப் பலர் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

‘நாலு நாள்ல வாங்கி வித்துடலாம்’ என்று இந்த ஃபண்டுகளுக்குள் நுழைபவர்கள் அமெரிக்காவில் ஏராளம். அங்கே வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்களின் போன்களிலும் இந்தப் பெயர்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. ஒரே இண்டெக்ஸுக்கு 1.5 மடங்கு, 2 மடங்கு, 3 மடங்கு, தலைகீழ் 2 மடங்கு என வரிசையாக நிற்கும்போது எதைத் தேர்வு செய்வது, எதைப் பார்த்துத் தேர்வு செய்வது?

லீவரேஜ் இண்டெக்ஸ் ஃபண்டு என்றால் என்ன?

சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டில் 100 டாலர் போட்டால், 100 டாலருக்கும் பங்குகள் வாங்கப்படும். இண்டெக்ஸ் 1% ஏறினால் 1 டாலர் லாபம். லீவரேஜ் ஃபண்டு அதே 100 டாலரை வைத்துக்கொண்டு, ஃப்யூச்சர்ஸ், ஸ்வாப் போன்ற ஒப்பந்தங்கள் மூலம் 200 அல்லது 300 டாலர் அளவுக்குச் சந்தையில் நிற்கும். இண்டெக்ஸ் 1% ஏறினால் 2 அல்லது 3 டாலர் லாபம். இறங்கினால் அதே அளவு நஷ்டம்.

இந்த வகை ஃபண்டுகள் புதியவை அல்ல. 1993-லேயே ரைடெக்ஸ் நிறுவனம் எஸ்அண்ட்பி 500 இண்டெக்ஸை 1.5 மடங்கில் பின்தொடரும் ‘நோவா’ ஃபண்டைக் கொண்டுவந்தது. 1997-ல் தொடங்கப்பட்ட ப்ரோஃபண்ட்ஸ் நிறுவனம் ‘அல்ட்ராபுல்’, ‘அல்ட்ரா நாஸ்டாக்-100’ என்று 2 மடங்கு மியூச்சுவல் ஃபண்டுகளை வரிசையாக நடத்துகிறது. 2006-ல் ப்ரோஷேர்ஸ் 2 மடங்கு இடிஎஃப்களையும், 2008 நவம்பரில் டைரக்சியன் 3 மடங்கு இடிஎஃப்களையும் அறிமுகப்படுத்தின.

கடன் வாங்கி டிரேடிங் செய்வதோடு ஒப்பிட்டால் இதில் ஒரு வசதி இருக்கிறது. போட்ட பணத்துக்கு மேல் நஷ்டம் வராது. ‘இன்னும் பணம் கட்டு’ என்று புரோக்கரிடமிருந்து அழைப்பும் வராது. கடன் வாங்கிப் பங்கு வாங்க அனுமதியில்லாத ஐஆர்ஏ ஓய்வூதியக் கணக்கில்கூட இவற்றை வாங்கலாம். குறுகிய கால டிரேடர்களை இழுப்பது இந்த வசதிதான்.

‘தினசரி’ என்ற வார்த்தை ஏன் முக்கியம்?

பெரும்பாலான லீவரேஜ் ஃபண்டுகள் ஒரு நாளின் ஏற்ற இறக்கத்தை மட்டுமே 2 அல்லது 3 மடங்காக்க உறுதி சொல்கின்றன. ஒரு வாரத்துக்கோ, ஒரு வருடத்துக்கோ அல்ல. ஒவ்வொரு நாள் முடிவிலும் கணக்கைச் சரிசெய்துவிட்டு, மறுநாள் புதிதாகத் தொடங்குகின்றன.

ஒரு 2 மடங்கு ஃபண்டில் 100 டாலர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் அதன் பங்கு 200 டாலர். முதல் நாள் இண்டெக்ஸ் 5% ஏறுகிறது. 10 டாலர் லாபம், ஃபண்டு 110 ஆகிவிட்டது. சந்தையில் அதன் பங்கு 210. ஆனால் 110-க்கு 2 மடங்கு என்றால் 220 வேண்டும். எனவே, அன்று மாலையே இன்னும் 10 டாலருக்கு வாங்கியாக வேண்டும்.

மறுநாள் இண்டெக்ஸ் 5% இறங்குகிறது. 220-ல் 5% என்பது 11 டாலர். 110-ல் 11 போனால் 99. இண்டெக்ஸோ 100-லிருந்து 105-க்குப் போய் 99.75-க்கு வந்திருக்கிறது. இண்டெக்ஸுக்கு 0.25% நஷ்டம். இரண்டு மடங்கு என்றால் 0.5% நஷ்டம்தானே வர வேண்டும்? ஃபண்டுக்கு வந்தது 1%.

காரணம் எளிது. ஏறிய பிறகு வாங்கி, இறங்கிய பிறகு விற்கும்படி ஃபண்டின் அமைப்பே கட்டாயப்படுத்துகிறது. சந்தை ஊஞ்சல் ஆடும்போது இந்த வாங்கல் விற்பனையில் பணம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

எவ்வளவு கரையும்?

ஒரு இண்டெக்ஸ் ஒரு நாள் 2% ஏறுகிறது, மறுநாள் அதே இடத்துக்குத் திரும்புகிறது. இப்படியே 250 வர்த்தக நாட்கள், அதாவது ஏறத்தாழ ஒரு வருடம் நடந்தால் இண்டெக்ஸ் கிளம்பிய இடத்திலேயே நிற்கும். லீவரேஜ் ஃபண்டுகளின் நிலை, செலவுகளைச் சேர்க்காமலேயே இப்படி இருக்கும்:

- 2 மடங்கு ஃபண்டு: சுமார் 9% நஷ்டம்
- 3 மடங்கு ஃபண்டு: சுமார் 25% நஷ்டம்
- தலைகீழ் 1 மடங்கு ஃபண்டு: சுமார் 9% நஷ்டம்
- தலைகீழ் 2 மடங்கு ஃபண்டு: சுமார் 25% நஷ்டம்
- தலைகீழ் 3 மடங்கு ஃபண்டு: சுமார் 45% நஷ்டம்

இதில் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. ஒன்று, 2-லிருந்து 3 மடங்குக்குப் போகும்போது லாப வாய்ப்பு ஒன்றரை மடங்குதான் கூடுகிறது, கரைவதோ கிட்டத்தட்ட மூன்று மடங்கு கூடுகிறது. இரண்டு, இண்டெக்ஸ் இறங்கினால் லாபம் தரும் தலைகீழ் ஃபண்டில் ‘2 மடங்கு’ என்று எழுதியிருந்தாலும், கரையும் வேகத்தில் அது 3 மடங்கு ஃபண்டுக்குச் சமம். இரண்டும் ‘2 மடங்குதானே’ என்று ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பது தவறு.

அதே கணக்கை 20 வர்த்தக நாட்களுக்குப் போட்டால் கதையே வேறு. 2 மடங்கு ஃபண்டில் கரைவது 0.8%. 3 மடங்கில் சுமார் 2.3%. ஐந்தாறு நாட்களில் கண்டுகொள்ளவே முடியாத அளவு.

சந்தை ஒரே திசையில் போனால் இந்த ஏற்பாடு கைகொடுக்கவும் செய்யும். தொடர்ந்து ஐந்து நாள் 2% ஏறினால் இண்டெக்ஸுக்கு 10.4% லாபம். 2 மடங்கு ஃபண்டுக்கு 21.7%, 3 மடங்கு ஃபண்டுக்கு 33.8%. இரண்டுமே பெருக்கல் கணக்கை விட அதிகம். தொடர்ந்து ஐந்து நாள் 2% இறங்கினால் 3 மடங்கு ஃபண்டின் நஷ்டம் 26.6%. இண்டெக்ஸின் 9.6% இறக்கத்தை மூன்றால் பெருக்கினால் வரும் 28.8%-ஐ விடக் குறைவு.

ஆக, சில நாள் டிரேடிங்கில் பணத்தைக் கரைக்கும் முதல் எதிரி இந்தக் கணக்கு அல்ல. திசை தவறுவதுதான். சில நாளுக்கு என்று வாங்கியதை விற்க மனமில்லாமல் மாதக் கணக்கில் வைத்திருக்கும்போதுதான் கரையும் கணக்கும் சேர்ந்துகொள்கிறது.

நிஜத்தில் நடந்தது என்ன?

2008 நிதி நெருக்கடிக் காலத்தில் இது பெரிய அளவில் வெளிப்பட்டது. 2008 டிசம்பர் 1 முதல் 2009 ஏப்ரல் 30 வரையிலான ஐந்து மாதங்களில் ரசல் 1000 நிதித் துறை இண்டெக்ஸ் சுமார் 8% ஏறியது. அதன் தினசரி ஏற்றத்தை 3 மடங்காக்கும் இடிஎஃப் 53% விழுந்தது. ‘அப்படியானால் தலைகீழ் ஃபண்டில் போட்டவர் தப்பித்திருப்பார்’ என்று நினைத்தால் அதுவும் இல்லை. 3 மடங்கு தலைகீழ் இடிஎஃப் 90% விழுந்தது. ஏறும் என்றவருக்கும் நஷ்டம், இறங்கும் என்றவருக்கும் நஷ்டம்.

இதையடுத்து 2009 ஜூனில் அமெரிக்க புரோக்கர்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா அமைப்பு, தினமும் கணக்கு மாறும் இத்தகைய இடிஎஃப்கள் ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்க நினைக்கும் சாதாரண முதலீட்டாளர்களுக்குப் பொதுவாகப் பொருந்தாது என்று அறிவுறுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில், சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்இசி-யும் ஃபின்ராவும் சேர்ந்து முதலீட்டாளர்களை எச்சரித்தன.

சரி, தேர்வுக்கு வருவோம்.

1. மியூச்சுவல் ஃபண்டா, இடிஎஃப்-ஆ?

இரண்டிலும் உள்ளே இருக்கும் சரக்கு ஏறத்தாழ ஒன்றுதான். வாங்கும் விலை எப்போது முடிவாகிறது என்பதில்தான் வித்தியாசம்.

மியூச்சுவல் ஃபண்டில் காலை 10 மணிக்கு ஆர்டர் கொடுத்தாலும், சந்தை மாலை 4 மணிக்கு முடிந்த பிறகு கணக்கிடப்படும் என்ஏவி விலைதான் கிடைக்கும். ரைடெக்ஸ் தன் சில ஃபண்டுகளுக்குக் காலையிலும் ஒருமுறை விலை கணக்கிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. ஆனால் பொதுவான விதி நாளுக்கு ஒரு விலை. இடிஎஃப்-ஐ பங்கு போல எந்த நிமிடமும் வாங்கி விற்கலாம்.

2025 ஏப்ரல் 9 இதற்கு நல்ல உதாரணம். அதற்கு முந்தைய நாட்களில் டிரம்ப்பின் வரி அறிவிப்பால் சந்தை ஆட்டம் கண்டிருந்தது. ஏப்ரல் 3, 4 தேதிகளில் மட்டும் எஸ்அண்ட்பி 500 முறையே 4.8%, 6% விழுந்தது. 9-ம் தேதி மதியம் 1 மணிக்குப் பிறகு, பெரும்பாலான நாடுகளுக்கான கூடுதல் வரியை 90 நாட்கள் நிறுத்திவைப்பதாக டிரம்ப் அறிவித்தார். அன்று மட்டும் எஸ்அண்ட்பி 500 9.5% ஏறியது. அன்று காலை ‘இன்னைக்கு ஏறும்’ என்று சரியாகக் கணித்து 2 மடங்கு மியூச்சுவல் ஃபண்டுக்கு ஆர்டர் போட்டவருக்குக் கிடைத்திருப்பது ஏறி முடிந்த விலை. அந்த ஏற்றத்தில் ஒரு டாலர்கூட அவருக்கு இல்லை. இடிஎஃப் வாங்கியவருக்குத்தான் பலன்.

ஆனால் மியூச்சுவல் ஃபண்டுக்கும் ஒரு சாதகம் உண்டு. ‘தினசரி 2 மடங்கு’ என்பது ஒரு நாள் முடிவு விலையிலிருந்து அடுத்த நாள் முடிவு விலை வரையிலான கணக்கு. மியூச்சுவல் ஃபண்டில் எப்போதும் முடிவு விலையில்தான் நுழைவதால் அந்த மடங்கு அப்படியே கிடைக்கும். 3 மடங்கு இடிஎஃப்-ஐ, இண்டெக்ஸ் ஏற்கெனவே 2% ஏறிய பிறகு நடுப்பகலில் வாங்கினால், மீதி நாளுக்குக் கிடைப்பது 2.89 மடங்குதான். 2% இறங்கிய பிறகு வாங்கினால் 3.13 மடங்கு. விழும்போது பிடிக்க நினைப்பவர் தனக்கே தெரியாமல் அதிக ரிஸ்க் எடுக்கிறார்.

இன்னொரு விஷயம், அடிக்கடி வாங்கி விற்க ஃபண்டு அனுமதிக்கிறதா என்பது. 2003-ல் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர் வெளிக்கொண்டுவந்த மியூச்சுவல் ஃபண்டு முறைகேட்டுக்குப் பிறகு, பெரும்பாலான ஃபண்டுகள் சில நாட்களில் வாங்கி விற்பவர்களைத் தடுக்கின்றன அல்லது கட்டணம் போடுகின்றன. ரைடெக்ஸ், ப்ரோஃபண்ட்ஸ் போன்றவை டிரேடர்களுக்காகவே உருவானவை என்பதால் அங்கே இந்தத் தடை கிடையாது. ஆனால் நுழைவுக் கட்டணம்போல ஒரு பெரிய கதவு உண்டு. ப்ரோஃபண்ட்ஸில் ஆலோசகர் இல்லாமல் நேரடியாகக் கணக்கு தொடங்க 15,000 டாலர் குறைந்தபட்சத் தொகை. இடிஎஃப்-க்கு ஒரு யூனிட் வாங்கும் பணம் போதும்.

மாலையில் ஒரு முறை மட்டும் சந்தையைப் பார்த்து, அடுத்த சில நாட்களின் திசையில் டிரேடிங் செய்பவருக்கு மியூச்சுவல் ஃபண்டு ஒத்துவரும். நடுநாளில் வெளியேற வேண்டி வரலாம் என்று நினைப்பவருக்கு இடிஎஃப்தான் சரி. வேலை நேரத்தில் போனைத் தொட முடியாதவர்களுக்கு மியூச்சுவல் ஃபண்டின் ‘நாளுக்கு ஒரு விலை’ ஒரு கடிவாளமாகவும் இருக்கும்.

2. எந்த இண்டெக்ஸ்?

பலரும் முதலில் மடங்கைப் பார்க்கிறார்கள். உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது இண்டெக்ஸை. ஏனென்றால் ஊஞ்சல் எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பதை முடிவு செய்வது அதுதான். இண்டெக்ஸின் ஏற்ற இறக்கம் இரட்டிப்பானால், கரையும் அளவு இரட்டிப்பாவதில்லை, நான்கு மடங்காகிறது.

எஸ்அண்ட்பி 500-ல் சுமார் 500 பெரிய நிறுவனங்கள். நாஸ்டாக்-100-ல் டெக் நிறுவனங்களின் கை ஓங்கியிருப்பதால் ஆட்டம் அதிகம். ரசல் 2000-ல் சிறு நிறுவனங்கள். லாபம் பார்க்காத நிறுவனங்களும் கடன் சுமை உள்ளவையும் அதில் கணிசம் என்பதால், வட்டி விகிதச் செய்திகளுக்கு அது உடனே துள்ளும்.

டவ் ஜோன்ஸில் வெறும் 30 பங்குகள். அதிலும் பங்கின் விலை எவ்வளவோ அதற்கேற்ப அதன் செல்வாக்கு. 2025 ஏப்ரல் 17 அன்று யுனைடெட்ஹெல்த் பங்கு 22% விழுந்தது. அந்த ஒரு பங்கின் இழுப்பில் டவ் 1.3% இறங்கியது. அதே நாள் எஸ்அண்ட்பி 500 0.1% ஏற்றத்தில் முடிந்தது. ‘அமெரிக்கச் சந்தை ஏறும்’ என்று நம்பி டவ்-ல் 2 மடங்கு வாங்கியவருக்கு அன்று 2.5%-க்கும் மேல் நஷ்டம். எஸ்அண்ட்பி-ல் வாங்கியவருக்குச் சின்ன லாபம். கணிப்பு ஒன்றுதான், தேர்ந்தெடுத்த இண்டெக்ஸ்தான் வேறு.

எனவே, டிரேடிங்குக்கான காரணம் எதுவோ அதற்குப் பொருந்தும் இண்டெக்ஸைத்தான் எடுக்க வேண்டும். டெக் நிறுவனங்களின் காலாண்டு முடிவுகளை நம்பி நுழைபவருக்கு நாஸ்டாக்-100. வட்டிக் குறைப்பை எதிர்பார்ப்பவருக்கு ரசல் 2000. மொத்தச் சந்தையின் மீட்சியை எதிர்பார்ப்பவருக்கு எஸ்அண்ட்பி 500.

3. எத்தனை மடங்கு?

2020 மார்ச் 16 அன்று கொரோனா பீதியில் எஸ்அண்ட்பி 500 ஒரே நாளில் சுமார் 12% விழுந்தது. 3 மடங்கு ஃபண்டுக்கு அது 36%. 1987 அக்டோபர் 19 அன்று 20.5% விழுந்தது. இன்று அப்படி நடந்தால் 3 மடங்கு ஃபண்டில் அன்று மாலை மிஞ்சுவது 40% கூட இருக்காது. இப்போது 20% விழுந்தால் அன்றைய வர்த்தகமே நிறுத்தப்படும் என்ற விதி இருப்பதால் ஒரே நாளில் பூஜ்ஜியம் ஆகும் வாய்ப்பு குறைவு. ஆனால் 60% போனபின் மிச்சத்தை வைத்து மீள்வது வேறு கதை.

நஷ்டக் கணக்கின் கொடுமை அதுதான். 20% போனால் திரும்பப் பெற 25% லாபம் வேண்டும். 50% போனால் 100%. டி.க்யூ.க்யூ.க்யூ 2022-ல் சுமார் 79% விழுந்தது. அங்கிருந்து பழைய இடத்துக்கு வர பணம் ஐந்து மடங்குக்குச் சற்று குறைவாகப் பெருக வேண்டும்.

2020 அக்டோபரில் எஸ்இசி கொண்டுவந்த விதியால், புதிதாக வரும் லீவரேஜ் ஃபண்டுகளுக்கு ஏறத்தாழ 2 மடங்கு என்ற எல்லை போடப்பட்டது. ஏற்கெனவே இருந்த 3 மடங்கு ஃபண்டுகள் மட்டும் தொடர அனுமதிக்கப்பட்டன. கட்டுப்பாட்டு அமைப்பு எந்த இடத்தில் கோடு போட்டது என்பதே ஒரு குறிப்பு.

மடங்கைக் குறைக்க மனமில்லாதவர் தொகையைக் குறைக்கலாம். 9,000 டாலரைச் சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டில் போடுவதும், 3,000 டாலரை 3 மடங்கு ஃபண்டில் போட்டு 6,000 டாலரை வங்கியில் வைப்பதும் முதல் நாளில் ஒரே அளவு ரிஸ்க். இரண்டாவதில் அதிகபட்சம் போவது 3,000. ஆனால் நடைமுறையில் பலரும் 9,000-ஐயும் 3 மடங்கில் போடுகிறார்கள். ஃபண்டு தேர்வை விடப் பெரிய தவறு அது.

டைரக்சியன் நிறுவனம் தினசரிக்குப் பதிலாக மாத அளவில் இலக்கு வைக்கும் மியூச்சுவல் ஃபண்டுகளையும் நடத்தியது. இதில் தினமும் கணக்கைச் சரிசெய்வதால் வரும் கரைசல் குறைவு. ஆனால் மாத நடுவில் நுழைபவருக்குக் கிடைக்கும் மடங்கு, பெயரில் எழுதியிருப்பது அல்ல. நாலு நாள் டிரேடிங்குக்கு இது குழப்பத்தையே தரும்.

4. செலவு எவ்வளவு?

2 மடங்கு மியூச்சுவல் ஃபண்டுகளின் ஆண்டுச் செலவு பொதுவாக 1.5%-க்கு மேல். இடிஎஃப்களில் 1%-ஐ ஒட்டி அல்லது அதற்குக் கீழ். நாள் கணக்கில் பார்த்தால் இது மிகச் சிறியது. ஐந்து நாள் டிரேடிங்கில் இதை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

வெளியே தெரியாத செலவு ஒன்று இருக்கிறது. கூடுதலாகச் சந்தையில் நிற்கும் பணம் ஒரு வகையில் கடன்தான். அதற்கான வட்டி ஸ்வாப், ஃப்யூச்சர்ஸ் விலைக்குள்ளேயே இருக்கும். செலவு விகிதத்தில் தெரியாது. 2023 ஜூலை முதல் 2024 செப்டம்பர் வரை அமெரிக்க ஃபெடரல் வட்டி 5.25% முதல் 5.5% வரை இருந்தது. அப்போது 3 மடங்கு ஃபண்டின் கூடுதல் இரண்டு மடங்குக்கான வட்டிச் சுமை மட்டும் ஆண்டுக்கு 10%-க்கு மேல். ஐந்து நாளுக்கு 0.2%தான், பாதகமில்லை. ஐந்து மாதம் என்றால் 4%-க்கு மேல்.

வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு வருடம் அல்லது அதற்குள் விற்றால் வரும் லாபத்துக்குச் சம்பளத்துக்கான விகிதத்திலேயே வரி. நஷ்டத்தில் விற்று, அதற்கு முன்போ பின்போ 30 நாட்களுக்குள் அதையே மீண்டும் வாங்கியிருந்தால் அந்த நஷ்டத்தை உடனே கணக்கில் கழிக்க முடியாது. ஐஆர்ஏ கணக்கில் டிரேடிங் செய்தால் வரித் தொல்லை இல்லை. ஆனால் அங்கே வந்த நஷ்டத்தைக் கழிக்கவும் முடியாது. 50 வயதுக்கு உட்பட்டவர் 2025-ல் அதில் போட முடிந்தது அதிகபட்சம் 7,000 டாலர். ஒரே வாரத்தில் அதில் பாதி போனால், அந்த இடத்தைப் புதுப் பணத்தால் நிரப்ப அடுத்த ஆண்டின் வரம்புக்குக் காத்திருக்க வேண்டும்.

5. எப்போது வெளியேறுவது?

தேர்வில் கடைசியாக வரும் இந்தக் கேள்விக்குத்தான் முதலில் பதில் எழுதி வைக்க வேண்டும். எத்தனை நாள்? எவ்வளவு நஷ்டம் வந்தால் விற்பது? காரணம் பொய்த்துவிட்டது என்பதை எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

ஏனென்றால், 3 மடங்கு ஃபண்டில் 15% இறங்கியதும் பெரும்பாலானோர் சொல்வது, ‘இண்டெக்ஸ்தானே, எப்படியும் திரும்பி வந்துடும்’. இண்டெக்ஸ் திரும்பி வரலாம். 2021-23 காட்டியதுபோல ஃபண்டு அதோடு சேர்ந்து திரும்பி வர வேண்டிய அவசியமில்லை. சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டில் நல்ல பழக்கமான பொறுமை, இங்கே ஆளை விழுங்கும்.

‘ஆனால் நீண்ட காலம் வைத்தவர்கள் கோடீஸ்வரர் ஆனார்களே?’

இந்தக் கேள்வி நியாயமானது. டி.க்யூ.க்யூ.க்யூ 2010 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. அதன்பின் நாஸ்டாக்-100 கண்ட நீண்ட ஏற்றத்தில், அதைத் தொடக்கத்திலிருந்து வைத்திருந்தவர்களின் பணம் பல மடங்கு பெருகியது உண்மை. ஊஞ்சல் குறைவாகவும் ஏற்றம் தொடர்ச்சியாகவும் இருந்தால் தினசரிக் கணக்கு சாதகமாக வேலை செய்யும் என்பதை மேலே பார்த்தோம்.

ஆனால் அது முடிந்த கதையைப் பார்த்துச் சொல்வது. 79% விழுந்தபோதும் விற்காமல் இருந்தவருக்கு மட்டுமே அந்த லாபம். மறுபக்கமும் உண்டு. சந்தையின் பதற்றத்தை அளக்கும் விக்ஸ் இண்டெக்ஸுக்கு எதிர்த்திசையில் பந்தயம் கட்டிய ‘எக்ஸ்.ஐ.வி’ என்ற கடன் பத்திரம், 2017 முழுக்கப் பலருக்கும் லாபம் தந்தது. 2018 பிப்ரவரி 5 அன்று ஒரே நாளில் அதன் மதிப்பில் 90%-க்கும் மேல் போனது. வெளியிட்ட கிரெடிட் சுவிஸ் வங்கி அதை அந்த மாதமே மூடியது. காத்திருக்க நினைத்தவர்களுக்குக் காத்திருக்க எதுவும் இல்லை.

இந்தியாவில் வாங்க முடியுமா?

இந்தியாவில் இப்படிப்பட்ட மியூச்சுவல் ஃபண்டுகள் இல்லை. ஒரு திட்டத்தின் மொத்த முதலீடு, டெரிவேட்டிவ்ஸையும் சேர்த்து, அதன் சொத்து மதிப்பின் 100%-ஐத் தாண்டக் கூடாது என்பது செபியின் விதி. எனவே நிஃப்டியில் 2 மடங்கு ஃபண்டு என்று யாராவது விற்க வந்தால், அங்கேயே சந்தேகப்பட வேண்டும்.

எல்ஆர்எஸ் திட்டத்தில் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். ஆனால் வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு மார்ஜின் கட்ட அந்தப் பணத்தை அனுப்ப அனுமதி கிடையாது. லீவரேஜ் இடிஎஃப் வாங்க நினைப்பவர், தன் வங்கியும் ஆப்பும் அதை அனுமதிக்கின்றனவா என்று முதலில் எழுத்துபூர்வமாகக் கேட்டுக்கொள்வது நல்லது. வெளிநாட்டு இடிஎஃப்-ஐ 24 மாதங்களுக்குள் விற்றால் லாபம் அவரவர் வருமான வரி வரம்பின்படி வரிக்குள் வரும். டாலர் மாற்றுச் செலவும் இரண்டு முறை விழும். நாலு நாள் டிரேடிங்கில் இவையே லாபத்தை விழுங்கிவிடலாம்.

இங்கே அந்த ஆசைக்கு வடிகாலாக இருப்பது எஃப்அண்ட்ஓ. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப்அண்ட்ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93% பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதோடு ஒப்பிட்டால் லீவரேஜ் ஃபண்டு கொஞ்சம் சாதுதான், போட்டதற்கு மேல் போகாது. ஆனால் குறுகிய காலத்தில் திசையைச் சரியாகச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதற்கு அந்த 93% போதுமான சாட்சி.

சுருக்கமாக...

- முதலில் விற்கும் தேதியையும் தாங்கக்கூடிய நஷ்டத்தையும் எழுதுங்கள். அதை எழுத முடியவில்லை என்றால் டிரேடிங்குக்கான காரணமே தெளிவாக இல்லை என்று அர்த்தம்.
- பிறகு காரணத்துக்குப் பொருந்தும் இண்டெக்ஸ். கடந்த ஆண்டு எது அதிக லாபம் தந்தது என்பது இங்கே உதவாது.
- பிறகு மடங்கு. சந்தேகம் இருந்தால் குறைந்த மடங்கு அல்லது குறைந்த தொகை. தலைகீழ் ஃபண்டு என்றால் நாட்களை இன்னும் குறைக்க வேண்டும்.
- பிறகு மியூச்சுவல் ஃபண்டா, இடிஎஃப்-ஆ என்பது. நடுநாளில் வெளியேறும் தேவை இருக்கிறதா என்பதே இதை முடிவு செய்யும்.
- செலவு விகிதம் கடைசி. சில நாட்களுக்கு அது பெரிதல்ல. பெரிதாகத் தெரியத் தொடங்கினால், டிரேடிங் திட்டமிட்டதை விட நீண்டுவிட்டது என்று பொருள்.

எழுதி வைத்த தேதி வந்ததும், லாபமோ நஷ்டமோ, விற்றுவிட்டு வெளியே வர முடியுமா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. முடியாது என்று தோன்றினால், 1 மடங்கு தரும் சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டே போதும். அங்கே பொறுமைக்குத் தண்டனை கிடையாது.